நாலு கொம்பு ரவுட்டர்: கூடுதல் ஆன்டெனா உண்மையில் என்ன செய்கிறது?

ரவுட்டர் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் போவது அதன் கொம்புகள் மீதுதான். இரண்டு கொம்பு என்றால் சுமார், நான்கு என்றால் பரவாயில்லை, எட்டு இருந்தால் மூலைமுடுக்கெல்லாம் சிக்னல் பாயும் என்று ஒரு கணக்கு பலர் மனதில் ஊறிப்போயிருக்கிறது. விளம்பரங்களும் அதற்குத் தூபம் போடுகின்றன. 5ஜி பற்றிய பேச்சிலோ மைமோ, பீம்ஃபார்மிங், மாசிவ் மைமோ என்ற சொற்கள் எல்லாம் ஒரே பொருளுடையவை போலக் கலந்து புழங்குகின்றன.

இந்தப் பேச்சில் இரண்டு நம்பிக்கைகள் அடிக்கடி தலைகாட்டும். ஆன்டெனா கூடினால் சிக்னல் அதிக தூரம் போகும் என்பது ஒன்று. ஆன்டெனா இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்காகும் என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை, எப்போது உண்மை என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையை மறந்துவிட்டு, அவை நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கூடுதல் ஆன்டெனா கூடுதல் சக்தியைக் கொண்டுவருவதில்லை. அது கேட்பதற்கு, அல்லது பேசுவதற்கு, இன்னோர் இடத்தைக் கொடுக்கிறது. மொத்த நுட்பமும் இந்த ஒரு வரியிலிருந்துதான் கிளைக்கிறது.

## நமக்கு ஏன் இரண்டு காது?

சத்தம் நிறைந்த ஒரு கூடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருவர் உங்கள் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம். யார் பேச்சைக் கேட்க வேண்டுமோ அதை உங்களால் ஓரளவு பிரித்தெடுத்துக் கேட்க முடிகிறது. ஒரு காதைப் பொத்திக்கொண்டால் அதே பேச்சு குழம்பிப்போகிறது.

இரண்டு காதுகளுக்கும் வருவது ஒரே சத்தம்தான். ஆனால் இடப்பக்கத்தார் குரல் இடது காதில் சற்று முன்னதாகவும் உரக்கவும், வலது காதில் சற்றுப் பின்னதாகவும் மெலிதாகவும் விழுகிறது. மற்றவர் குரலுக்கு இது தலைகீழ். இந்தச் சிறிய வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான் மூளை குரல்களைப் பிரிக்கிறது. இரண்டு காதுகளிலும் அச்சு அசலாக ஒரே சத்தம் விழுந்தால், இரண்டு காது இருந்தும் பிரிப்பதற்கு வழியில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். பின்னால் இதுதான் நமக்கு மிகவும் உதவப்போகிறது.

## ஒற்றை ஆன்டெனாவின் திண்டாட்டம்

ரவுட்டரிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை நேராக உங்கள் செல்பேசிக்கு மட்டும் வருவதில்லை. சுவரில் பட்டுத் திரும்புகிறது, தரையில் பட்டு எழும்புகிறது, இரும்பு அலமாரியில் மோதிச் சிதறுகிறது. ஒரே செய்தி பல வழிகளில், கொஞ்சம் முன்பின்னாக வந்து சேர்கிறது.

அலை என்றால் அதில் முகடும் அகடும் மாறி மாறி வரும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம் அலைநீளம். ரேடியோ அலை ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை அந்த ஒரு நொடியில் 240 கோடி முறை ஏறி இறங்குகிறது. வகுத்துப் பார்த்தால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர்.

இப்போது இரண்டு வழியாக வந்த அலைகள் ஓர் இடத்தில் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முகடும் முகடும் சேர்ந்தால் சிக்னல் வலுக்கும். ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். வலுக்கும் இடத்துக்கும் அழியும் இடத்துக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் அலைநீளத்தின் ஒரு சிறு பங்கு மட்டுமே. அறைக்குள் இப்படி மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலப்பரப்பே விரிந்து கிடக்கிறது. பள்ளத்தில் மாட்டிய ஆன்டெனாவுக்குச் சிக்னல் சட்டென்று நூறில் ஒரு பங்காகக்கூடச் சரிந்துவிடும். இதற்கு ஃபேடிங் என்று பெயர்.

மேசைமேல் வைத்த செல்பேசியில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். கையில் எடுத்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் ஓடத் தொடங்கும். ரவுட்டருக்கும் செல்பேசிக்கும் நடுவே உள்ள தூரம் பெரிதாக மாறவில்லை, நடுவில் இருக்கும் சுவர் மாறவில்லை. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வந்தது மட்டும்தான் நடந்தது. நீங்கள் அசையாமல் இருந்தாலும் யாராவது அறைக்குள் நடந்தால், ஒரு கதவு திறந்தால், இந்த நிலப்பரப்பே இடம் மாறும். திரையில் தெரியும் சிக்னல் கோடுகள் ஒரு சராசரியைத்தான் காட்டுகின்றன. அதனால்தான் கோடுகள் முழுதாக நிற்கும்போதே இணைப்பு திக்குவதுண்டு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ரேடியோ அலை பல வழிகளில் வருகிறது, அவை ஒன்றோடொன்று மோதி மேடுபள்ளங்களை உண்டாக்குகின்றன, பள்ளங்கள் ஒரு சில சென்டிமீட்டர் அகலம்தான்.

## முதல் பலன்: ஒன்று கவிழ்ந்தால் மற்றொன்று

பள்ளம் சில சென்டிமீட்டர்தான் என்றால், சில சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது ஆன்டெனாவை வைத்தால் என்ன? இரண்டும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழுவது அரிது. ஏதாவது ஒரு நொடியில் ஓர் ஆன்டெனா பள்ளத்தில் இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் இரண்டுமே பள்ளத்தில் இருக்கும் வாய்ப்பு நூறில் ஒன்று. நான்கு ஆன்டெனாவுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று. இந்த உத்திக்கு டைவர்சிட்டி என்று பெயர்.

இது 5ஜி காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் வைஃபை பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. கடல் கடந்து வரும் சிற்றலை ரேடியோவில் சிக்னல் ஏறி இறங்கி உயிரை வாங்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்துப் பொறியாளர்கள் வெகுதூரம் தள்ளித் தள்ளி நட்ட ஆன்டெனாக்களின் வெளியீட்டை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டார்கள். பெவரேஜ், பீட்டர்சன் என்ற இருவர் இந்த ஏற்பாட்டை 1931இல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். சிற்றலையின் அலைநீளமே பத்துக்கணக்கான மீட்டர் என்பதால் அவர்களுக்குப் பெரிய நிலமே தேவைப்பட்டது. நம் செல்பேசிக்கு அதன் மேல்முனையும் கீழ்முனையும் போதும்.

வாங்கிய இரண்டு சிக்னல்களை என்ன செய்வது? எளிய வழி, அந்த நேரத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்வது. பழைய வைஃபை ரவுட்டர்கள் பலவற்றில் இரண்டு கொம்பு இருந்தும் உள்ளே ஒரே ரேடியோதான் இருந்தது. அது இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கும், அவ்வளவே. இதைவிட நல்ல வழி, இரண்டையும் கூட்டுவது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் முகடும் அகடும் சேர்ந்து மறுபடி அழிந்துபோகும். முதலில் முகடுகளை ஒன்றுக்கொன்று நேராக்க வேண்டும். பிறகு தெளிவாக வந்ததற்கு அதிக மதிப்பும் இரைச்சலாக வந்ததற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கூட்ட வேண்டும். எவ்வளவு மதிப்பு கொடுத்தால் விடை மிகத் தெளிவாக இருக்கும் என்ற சூத்திரத்தை லியனார்ட் கான் 1954இல் தந்தார். இன்றைய ரிசீவர்களும் அதே கணக்கைத்தான் போடுகின்றன.

## அனுப்புகிற பக்கம் ஏன் சிக்கலானது?

வாங்குகிறவர் கையில் இரண்டு ஆன்டெனா இருந்தால் கதை முடிந்தது. ஆனால் சிறிய கருவியில் ஒரே ஆன்டெனாதான் இருக்கிறது, செல்பேசிக் கோபுரத்தில் இரண்டு இருக்கின்றன என்றால்? இரண்டிலிருந்தும் ஒரே செய்தியை அனுப்பினால் போதுமே என்று தோன்றும். போதாது. இரண்டும் காற்றிலேயே கலந்து ஒரே அலையாகத்தான் வந்து சேரும். அவை சேரும் இடத்தில் முகடோடு அகடு மோதினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

1998இல் சியாவாஷ் அலமூட்டி இதற்கு ஒரு வழி சொன்னார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை இது, ஏனென்றால் பள்ளிக்கூட அல்ஜீப்ராவுக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. அனுப்ப வேண்டியவை இரண்டு எண்கள், முதல் எண், இரண்டாம் எண். முதல் தவணையில் இடது ஆன்டெனா முதல் எண்ணையும் வலது ஆன்டெனா இரண்டாம் எண்ணையும் அனுப்புகின்றன. அடுத்த தவணையில் இரண்டும் எண்களை மாற்றிக்கொள்கின்றன. கூடவே, ஒன்றின் கூட்டல் குறி கழித்தல் குறியாகத் திருப்பப்படுகிறது. (உண்மையான அலைகளுக்கு இன்னொரு சிறு திருத்தமும் உண்டு, அது இங்கே தேவையில்லை.) வாங்குகிறவர் இரண்டு தவணைகளில் கேட்டதையும் சரியான விகிதத்தில் கூட்டினால் இரண்டாம் எண் தானாக அடிபட்டுப்போய் முதல் எண் தனியே நிற்கும். கழித்தால் இரண்டாம் எண் தனியே நிற்கும். அதைவிட முக்கியம், இரண்டு பாதைகளின் வலிமையும் ஒவ்வொரு எண்ணிலும் கூட்டலாகச் சேர்ந்திருக்கும். ஒரு பாதை முழுக்கப் படுத்துவிட்டாலும் மற்றது தூக்கி நிறுத்தும். இரண்டு தவணையில் இரண்டு எண் போய்விட்டதால் நேரமும் வீணாகவில்லை.

3ஜி காலத்திலிருந்து இந்த முறை செல்பேசி வலையமைப்பில் இருக்கிறது. இங்கே வேகம் ஒரு பிட் கூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். கூடியது நம்பகம்.

## இரண்டாம் பலன்: குறி வைத்துச் சேர்ப்பது

மேலே சொன்ன முறையில், அனுப்புகிறவருக்கு அலைகள் எங்கே சேரும், எங்கே அழியும் என்று தெரியாது. தெரிந்தால்? ஒவ்வோர் ஆன்டெனாவிலிருந்தும் புறப்படும் அலையை இம்மியளவு முன்னே பின்னே தள்ளி, நாம் விரும்பும் இடத்தில் எல்லா முகடுகளும் ஒன்றாக வந்து விழும்படி செய்யலாம். இதுதான் பீம்ஃபார்மிங். இதன் வேர் இன்னும் பழையது. பல ஆன்டெனாக்களின் நேரத்தை இப்படி மாற்றி ரேடியோ அலையை ஒரு திசைக்குத் திருப்ப முடியும் என்று ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905இலேயே செய்து காட்டினார். மார்கோனியோடு 1909இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

சக்திக் கணக்கை இங்கே ஒருமுறை நேராகப் பார்த்துவிடலாம். ஓர் ஆன்டெனா 1 வாட் அனுப்புகிறது. அதற்குப் பதிலாக இரண்டு ஆன்டெனா, ஒவ்வொன்றும் அரை வாட். மொத்தச் சக்தி மாறவில்லை. ஆனால் முகடுகள் சேரும் இடத்தில் அலையின் உயரம் 1.41 மடங்காகிறது, வந்துசேரும் சக்தி இரண்டு மடங்காகிறது. கூடுதலாக வந்த அந்தப் பங்கு வேறு இடங்களிலிருந்து எடுத்தது. அங்கெல்லாம் சிக்னல் அதே அளவுக்குக் குறைந்திருக்கும். ஆன்டெனா கூடினால் சிக்னல் அதிக தூரம் போகும் என்ற நம்பிக்கையில் உண்மையாக இருக்கும் பாதி இதுதான். அது எல்லாத் திசைக்கும் பொருந்தாது. குறி வைத்த இடத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பீம்ஃபார்மிங்கை டார்ச் வெளிச்சமாக வரைந்து காட்டும் படங்கள் ஏராளம். திறந்தவெளியில், கோபுரமும் செல்பேசியும் நேருக்கு நேர் தெரியும்போது அந்தப் படம் சரி. அறைக்குள் அது நம்மை ஏமாற்றும். அங்கே அலைகள் நேராக உங்களை நோக்கி வர வேண்டும் என்றில்லை. கூரையில் பட்டது, பின்சுவரில் பட்டது, கதவிடுக்கில் நுழைந்தது எல்லாம் சேர்ந்து செல்பேசி இருக்கும் அந்தப் புள்ளியில் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். ரவுட்டர் குறி வைப்பது ஒரு திசையை என்பதைவிட ஒரு புள்ளியை என்று சொல்வது பொருத்தம்.

அந்தப் புள்ளி எங்கே என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் முன்பே தெரிந்த ஒரு சிக்னலை முதலில் அனுப்பிப் பார்க்கிறார்கள். இது பைலட் சிக்னல். அனுப்பியது இன்னது, வந்து சேர்ந்தது இன்னது என்று ஒப்பிட்டால் நடுவில் உள்ள காற்றும் சுவரும் அலையை எப்படி மாற்றின என்பது தெரிந்துவிடும். அந்த மாற்றத்தைத்தான் சேனல் என்கிறார்கள். இனி வரும் எல்லாவற்றுக்கும் சேனலை அளப்பதே அச்சாணி.

சுருக்கிச் சொன்னால்: டைவர்சிட்டி என்பது பள்ளத்தில் விழாமல் தப்பிப்பது. பீம்ஃபார்மிங் என்பது நாம் வேண்டும் இடத்தில் மேட்டை உண்டாக்குவது. இரண்டிலும் ஒரே செய்திதான் போகிறது.

## மூன்றாம் பலன்: ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், இரண்டு செய்தி

இங்கேதான் விஷயம் உண்மையிலேயே வியப்பூட்டுகிறது.

இரண்டு ஆன்டெனாவும் வேறு வேறு செய்திகளை, ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் அனுப்பினால் என்ன ஆகும்? குழம்பும், இரண்டும் கெடும் என்பதுதான் ரேடியோவின் நூறாண்டுப் பாடம். ஒரு வானொலி நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறினால் நாம் இரைச்சலைத்தான் கேட்கிறோம். ஆனால் வாங்குகிற பக்கமும் இரண்டு ஆன்டெனா இருந்தால்?

முதல் ஆன்டெனா அனுப்புவது எக்ஸ் என்ற எண், இரண்டாவது அனுப்புவது ஒய். வாங்கும் ஆன்டெனா ஒவ்வொன்றுக்கும் இரண்டின் கலவைதான் கிடைக்கும், ஆனால் வேறு வேறு விகிதத்தில். முதல் ஆன்டெனாவுக்கு மூன்று எக்ஸ், ஓர் ஒய் சேர்ந்து 11 கிடைத்தது. இரண்டாவதற்கு ஓர் எக்ஸ், இரண்டு ஒய் சேர்ந்து 12 கிடைத்தது. இனி எட்டாம் வகுப்புக் கணக்கு. முதலாவதை இரண்டால் பெருக்கினால் ஆறு எக்ஸும் இரண்டு ஒய்யும் 22. அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஐந்து எக்ஸ் 10. எனவே எக்ஸ் 2, ஒய் 5. இரண்டு செய்தியும் தனித்தனியே கைக்கு வந்துவிட்டன.

மூன்று, ஒன்று, ஒன்று, இரண்டு என்ற அந்தப் பெருக்கெண்கள் எங்கிருந்து வந்தன? பைலட் சிக்னலை வைத்து அளந்த சேனல்தான் அவை. இப்படிப் போகும் ஒவ்வொரு தனிச் செய்தித் தடத்துக்கும் ஸ்ட்ரீம் என்று பெயர். பல ஆன்டெனாவில் அனுப்பிப் பல ஆன்டெனாவில் வாங்கும் ஏற்பாடு முழுவதற்கும் பெயர் மைமோ.

இப்போது காதுகளைப் பற்றிச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வருவோம். இரண்டு ஆன்டெனாவுக்கும் ஒரே கலவை கிடைத்தால்? இரண்டிலும் மூன்று எக்ஸ், மூன்று ஒய், கூட்டுத்தொகை 21. இரண்டு சமன்பாடு இருப்பது போல் தெரிகிறது, உண்மையில் இருப்பது ஒன்றுதான். எக்ஸும் ஒய்யும் சேர்ந்து 7 என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

கொஞ்சம் மட்டும் வேறுபட்டால் இன்னும் ஆபத்து. முதலாவதில் மூன்று எக்ஸும் மூன்று ஒய்யும் 21. இரண்டாவதில் மூன்று எக்ஸும் 3.1 ஒய்யும் 21.5. கழித்தால் 0.1 ஒய் என்பது 0.5, ஒய் 5, எக்ஸ் 2. சரியான விடை. ஆனால் எந்த ரிசீவரிலும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும். அதனால் 21.5 என்பது 21.7 ஆகப் பதிவானது என்று வையுங்கள். இப்போது ஒய் 7, எக்ஸ் 0. இரண்டுமே தவறு. அதே 0.2 இரைச்சல் நம் முதல் உதாரணத்தில் 12ஐ 12.2 ஆக்கியிருந்தால் எக்ஸ் 1.96, ஒய் 5.12 என்று வரும். முழு எண்ணாக்கினால் சரியான விடையே. இரைச்சல் ஒன்றுதான், ஆன்டெனா எண்ணிக்கையும் ஒன்றுதான். வேறுபாடு சேனலில் இருக்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவை முதன்முறை கேட்கும் யாருக்கும் நம்பக் கடினம். முதலில் நம்மைப் பாடாய்ப்படுத்திய அந்தச் சுவர்ப் பிரதிபலிப்புகள் இங்கே உதவிக்கு வருகின்றன. அலைகள் பல வழியில் சிதறி வருவதால்தான் இரண்டு ஆன்டெனாவுக்கும் வேறு வேறு கலவை கிடைக்கிறது. எதிரொலிப்பே இல்லாத வெட்டவெளியில், தூரத்தில் நிற்கும் கோபுரத்தின் இரண்டு ஆன்டெனாவும் செல்பேசிக்குக் கிட்டத்தட்ட ஒரே இடமாகத்தான் தெரியும், கலவையும் ஒன்றாகிவிடும். அங்கே தப்பிக்க ஒரு வழி, ஓர் ஆன்டெனாவை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் சாய்த்து வைப்பது. அலை அதிரும் சாய்வு வேறாக இருந்தால் கலவையும் வேறாகும். கோபுரத்துப் பலகைகளுக்குள் ஆன்டெனாக்கள் 45 பாகை இப்புறமும் அப்புறமும் சாய்ந்த இணைகளாக இருப்பது இதற்குத்தான்.

## சக்தியைக் கூட்டினால் போதாதா?

கிளாட் ஷானன் 1948இல் வகுத்த விதி ஒன்று உண்டு. ஓர் அலைவரிசையில் பிழையின்றி எவ்வளவு தகவல் அனுப்பலாம் என்பதற்கு அது உச்சவரம்பு கட்டுகிறது. சிக்னல் இரைச்சலைப் போல 1000 மடங்கு இருந்தால், அலைவரிசையின் அகலத்தில் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் நொடிக்குச் சுமார் 10 பிட் (பிட் என்பது தகவலின் மிகச் சிறிய அலகு). சக்தியை இரட்டிப்பாக்கி 2000 மடங்காக்கினால் 20 ஆகும் என்று நினைப்போம். வெறும் 11தான் ஆகும்.

அதே பழைய சக்தியை இரண்டாகப் பிரித்து, ஒன்றையொன்று கெடுக்காத இரண்டு ஸ்ட்ரீமில் 500, 500 என்று செலவிட்டால்? ஒவ்வொன்றிலும் சுமார் 9 பிட். மொத்தம் 18. ஒரு துளி சக்தி கூட்டாமல், ஓர் அலைவரிசை கூடுதலாக வாங்காமல், ஏறக்குறைய இரட்டிப்பு.

இதே கணக்கைச் சிக்னல் மெலிந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். சிக்னலும் இரைச்சலும் சமம் என்றால் ஒற்றை ஸ்ட்ரீமில் 1 பிட். இரண்டாகப் பிரித்தால் மொத்தம் 1.17. சமன்பாட்டைத் தீர்க்கும்போது இரைச்சல் பெரிதாவதையும் சேர்த்தால் அந்தச் சொற்ப லாபமும் போய்விடும். ஆகவே ரவுட்டருக்கு அருகில் மைமோ வேகத்தைப் பெருக்கும். தூரத்து அறையில் அதே ஆன்டெனாக்கள் ஒரே செய்தியைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் வேலைக்கு மாறிவிடும். இந்த மாற்றத்தை ரவுட்டரும் செல்பேசியும் தங்களுக்குள் பேசி, நொடிக்குப் பலமுறை முடிவு செய்கின்றன. நமக்குத் தெரிவது வேகம் ஏறி இறங்குவது மட்டும்.

சுருக்கமாக: சிக்னல் வலுவாகவும் பாதைகள் வேறுபட்டும் இருந்தால் கூடுதல் ஆன்டெனா வேகத்தைத் தருகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அது நம்பகத்தையோ எட்டும் தூரத்தையோ தருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் முழுதாகக் கிடைக்காது.

## இதைக் கண்டவர்கள்

ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய ஆரோக்கியசாமி பால்ராஜும் தாமஸ் கைலாத்தும் பல ஆன்டெனா வழியே தனித்தனி ஸ்ட்ரீம் அனுப்பும் முறைக்கு 1994இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். பால்ராஜ் அதற்கு முன் இந்தியக் கடற்படையில் சோனார் கருவிகளை உருவாக்கியவர். நீருக்கடியில் பல உணரிகளை வரிசையாக வைத்து, அவற்றில் விழும் சத்தத்தின் சிறு வேறுபாட்டிலிருந்து கப்பலைக் கண்டுபிடிக்கும் வேலை அது. ஒரே அலையைப் பல இடத்தில் நின்று கேட்பது அவருக்குப் பழகிய தடம்.

பெல் ஆய்வகத்தில் ஜெரார்ட் ஃபோஷினி 1996இல் இத்தகைய கட்டமைப்பு ஒன்றை வெளியிட்டார். எம்ரே டெலட்டார் ஷானன் விதியைப் பல ஆன்டெனாவுக்கு விரித்து எழுதினார். 1998இல் அதே ஆய்வகத்தின் சோதனைக் கருவி, கட்டடத்துக்குள், ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 20 முதல் 40 பிட் வரை அனுப்பிக் காட்டியது. அன்றைய செல்பேசி முறைகள் அதில் ஒரு சிறு பங்கைத்தான் எட்டியிருந்தன.

## பெட்டியில் போட்டிருக்கும் எண்கள்

802.11என் என்ற வைஃபை தரம் 2009இல் வந்தபோது மைமோ சாதாரணக் கருவிகளுக்குள் நுழைந்தது. ஒரு ஸ்ட்ரீமுக்கு ஏட்டளவில் நொடிக்கு 150 மெகாபிட், நான்கு ஸ்ட்ரீமுக்கு 600.

ஸ்ட்ரீம் எண்ணிக்கையை முடிவு செய்வது இரண்டு பக்கத்திலும் எது குறைவோ அது. நான்கு ஆன்டெனா ரவுட்டரோடு இரண்டு ஆன்டெனா செல்பேசி பேசினால் இரண்டு ஸ்ட்ரீம்தான். சமன்பாடு இரண்டு இருக்கும்போது தெரியாத நான்கு எண்களைக் கண்டுபிடிக்க முடியாதல்லவா? மிச்ச ஆன்டெனாக்கள் சும்மா இருப்பதில்லை, டைவர்சிட்டிக்கும் பீம்ஃபார்மிங்குக்கும் போகும். ஒரே நேரத்தில் வேறொரு செல்பேசிக்குச் செய்தி அனுப்பவும் அவற்றைப் பயன்படுத்தலாம். இதற்கு மல்ட்டி-யூசர் மைமோ, அதாவது பலருக்கான மைமோ, என்று பெயர். முதல் செல்பேசி இருக்கும் புள்ளியில் இரண்டாமவருக்கான அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். ஃபேடிங் என்று நாம் சபித்த அதே அழிவை இங்கே வேண்டுமென்றே செய்கிறார்கள்.

எனவே கொம்பை எண்ணுவதைவிட, விவரக்குறிப்பில் 2×2, 4×4 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். முதல் எண் அனுப்பும் ஆன்டெனாக்கள், இரண்டாவது வாங்குபவை. ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனியே அதைப் பாருங்கள், ஏனென்றால் நான்கு கொம்பில் இரண்டு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் மற்ற இரண்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மட்டும் வேலை செய்யும் பெட்டிகளும் உண்டு. கொம்பே வெளியே தெரியாத ரவுட்டருக்குள் நான்கு ஆன்டெனா இருக்கவும் செய்யும்.

## நூற்றுக்கணக்கில் போனால்

2010இல் தாமஸ் மார்செட்டா, கோபுரத்தில் ஆன்டெனாக்களை மிக அதிகமாக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். எண்ணிக்கை கூடக் கூட ஃபேடிங்கின் மேடுபள்ளம் சராசரியாகிச் சமன்படுகிறது, ஒருவருக்கான சிக்னல் இன்னொருவர்மேல் படிவதும் குறைந்துகொண்டே போகிறது, அதற்கு வேண்டிய கணக்கும் எளிதாகவே இருக்கிறது என்று அவர் காட்டினார். இதுதான் மாசிவ் மைமோ. 5ஜி கோபுரங்களில் தெரியும் தட்டையான பலகைகள் சிலவற்றில் 64 தனித்தனி ரேடியோக்கள் இருக்கின்றன. அலைநீளம் குறையக் குறைய ஆன்டெனாவும் சிறிதாகும் என்பதால் இது சாத்தியமாகிறது. 3.5 கிகாஹெர்ட்ஸில் பாதி அலைநீளம் சுமார் 4.3 சென்டிமீட்டர், 28 கிகாஹெர்ட்ஸில் அரை சென்டிமீட்டர். சிறிய ஆன்டெனா பிடிக்கும் அலையும் குறைவு. அலைநீளம் பாதியானால் அது பிடிக்கும் பரப்பு நான்கில் ஒன்றாகும். ஆகவே உயர்ந்த அலைவரிசைகளில் பல ஆன்டெனா வைப்பது ஆடம்பரம் அல்ல, அது இல்லாமல் சிக்னலே எட்டாது.

பிறகு ஏன் ஆயிரம் ஆன்டெனா வைக்கவில்லை? விலையும் மின்செலவும் ஒரு காரணம். இன்னொன்று சேனலை அளப்பது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் போகிறது. 3.5 கிகாஹெர்ட்ஸின் பாதி அலைநீளத்தைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆகாது. அதற்குள் பள்ளம் மேடாகியிருக்கும், நேற்றுவரை சரியாக இருந்த மூன்று, ஒன்று, ஒன்று, இரண்டு எல்லாம் செல்லாக்காசாகியிருக்கும். மறுபடி அளக்க வேண்டும்.

கோபுரத்தின் ஒவ்வோர் ஆன்டெனாவும் பைலட் அனுப்பினால் அளப்பதிலேயே நேரம் தீர்ந்துவிடும். அதனால் மாசிவ் மைமோவில் செல்பேசிதான் பைலட் அனுப்புகிறது. ஒரு செல்பேசியின் ஒரு பைலட்டை 64 ரேடியோவும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொள்ளும். போகும்போதும் வரும்போதும் ஒரே அதிர்வெண்ணைப் பயன்படுத்தினால் சேனலும் ஒன்றாகவே இருக்கும், எனவே ஒருபக்கம் அளந்தது இருபக்கத்துக்கும் உதவும். ஆனாலும் ஒன்றோடொன்று கலக்காத பைலட்டுகள் எண்ணிக்கையில் குறைவு. பக்கத்துக் கோபுரத்தின் கீழும் யாரோ அதே பைலட்டை அனுப்புவார், இரண்டும் கலந்து அளவு பிசகும். ஆன்டெனாக்களை எவ்வளவு பெருக்கினாலும் கடைசிவரை மிஞ்சி நிற்கும் தடை இதுதான் என்று மார்செட்டாவின் 2010 கட்டுரையே சொன்னது. பைலட்டுகளை யாருக்கு எப்போது ஒதுக்குவது, கலந்ததை எப்படிப் பிரிப்பது என்பதில் அதன்பின் பெரும் உழைப்பு போயிருக்கிறது. ஆன்டெனாக்களை ஒரே பலகையில் குவிக்காமல் ஊரெங்கும் பரப்பி வைத்து, எல்லாம் சேர்ந்து ஒரே கோபுரமாக இயங்கச் செய்யும் ஆய்வும் நடந்துவருகிறது.